சப்பான்காரர் திருவிழாவுக்கு அம்மாவுடன்

ஜூலை மாதத்தின் ஒரு சனிக்கிழமை. ஷா ஆலாமுக்குப் போகிற சடக்குகளில் பிற்பகலிலிருந்தே யுகாத்தா கட்டிய பெண்பிள்ளைகள் தென்படத் தொடங்கிவிடுவார்கள். பெட்ரோல் நிலையத்தில், ரயில் நிலையப் படிகளில், நடைபாதை மர நிழலில் எங்கும் பூப்போட்ட பருத்தி அங்கியும் இடுப்பில் அகலப் பட்டையுமாக நிற்பார்கள். மலாய்ப் பெண்கள் தூடோங் முக்காட்டின் நிறத்துக்குப் பொருந்துகிற யுகாத்தாவாகத் தேடி எடுத்திருப்பார்கள். சீனப் பிள்ளைகள் முதுகுப் பட்டையில் காகித விசிறியைச் செருகியிருப்பார்கள். நம் பிள்ளைகளில் சிலர் யுகாத்தாவுக்கு மேலே மல்லிகைச் சரமும் வைத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அந்த அழகுதான் மிகவும் பிடிக்கும்.

அன்று போன் ஓடோரி. முன்னோரை நினைத்து ஜப்பானியர் ஆடும் வட்ட நடனம். 1977இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகள் ஊர்ப் பழக்கத்தை மறந்துவிடக் கூடாதென்று சிறிய அளவில் தொடங்கியது. இன்று ஜப்பானுக்கு வெளியே நடக்கும் போன் நடன விழாக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. கோலாலம்பூர் ஜப்பானியர் மன்றம், ஜப்பானியப் பள்ளி, தூதரகம் எல்லாம் சேர்ந்து நடத்துகின்றன.

நாங்கள் ஈப்போவிலிருந்து கிளம்பினோம். என் மகளுக்கு இது நெடுநாள் ஆசை. பதினான்கு வயது. கேலிச்சித்திரப் படங்கள் பார்த்தே ஜப்பானிய மொழியில் பாதியைப் பிடித்துவிட்டாள். மீதியைப் புத்தகம் வைத்துப் படிக்கிறாள். அவள் தம்பிக்கு எட்டு வயது, திருவிழா என்றால் தின்பண்டம். இவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு நானும் என் கணவரும் போய் வருவதாகத்தான் ஏற்பாடு. முதல்நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "நானும் வர்றேன்."

யாரும் எதிர்பார்க்கவில்லை. அம்மாவின் அப்பா சயாமுக்குப் போனவர்.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1942இல் மலாயாவைப் பிடித்த ஜப்பானிய ராணுவம், சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கக் காட்டுக்குள் ஒரு ரயில் பாதை போட்டது. பான் பொங்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். அந்த வேலைக்கு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிச் சென்றார்கள். அப்படி ஏறியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அம்மா அப்போது கைக்குழந்தை. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்.

"பாட்டி, நெஜமாவே வர்றீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ஏன், நான் வரக் கூடாதா? ஆடுறாங்கன்னு சொன்னியே. என்ன ஆட்டம்னு பாக்குறேன்."

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்வுத்தலத்தில் நிறுத்திப் பசியாறினோம். நாசி லெமாக், தேத்தண்ணி. மறுபடியும் கிளம்பி ஸ்லிம் ரீவர் பலகையைக் கடந்தபோது கணவர் பிள்ளைகளிடம் அந்த ஊரின் கதையைச் சொன்னார். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியலில் ஜப்பானிய டாங்கிகள் அங்கேதான் பிரிட்டிஷ் இந்தியப் படையின் காவலை உடைத்துக்கொண்டு இறங்கின. நான்கே நாளில் கோலாலம்பூர் விழுந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்த திசையும் அவர்கள் போன திசையும் ஒன்றுதான். சற்றுத் தள்ளித் தஞ்சோங் மாலிம் வந்தது. அங்கே புரோட்டோன் கார்த் தொழிற்சாலை. மித்சுபிஷியின் துணையோடு 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாதான் அப்பா வாங்கிய முதல் கார். அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் அம்மா முதலில் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுவார். எஞ்சின் எந்த நாட்டுக்காரன் செய்தது என்று அவர் கேட்டதே இல்லை. அன்றைய பிரதமர் மகாதீர் 1982இல் "கிழக்கை நோக்குவோம்" என்று அறிவித்த பிறகு வளர்ந்தவள் நான். எனக்கு ஜப்பான் என்றால் தொழிற்சாலை, கால்குலேட்டர், நேரந்தவறாமை. அம்மாவுக்குச் சப்பான்காரன் காலம் என்றால் மரவள்ளிக்கிழங்கும், வாழைமரம் அச்சிட்டுச் செல்லாமல் போன பண நோட்டும், வராமல் போன அப்பாவும். ஒரே வீட்டுக்குள் இரண்டு ஜப்பான் இருந்தது. மூன்றாவதாக மகளுடையது இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

ஷா ஆலாம் என்ற ஊர்ப்பெயரே புதிது. முன்பு இது சுங்கை ரெங்காம். ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டக் காடு. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பெயர்கள் இன்றும் பலகைகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: கிளென்மேரி, ஈபோர், சீஃபீல்டு. பால் மரங்கள் நின்ற இடத்தில் தொழிற்பேட்டை எழுந்தது. இன்று பானசோனிக் எனப்படும் மத்சுஷித்தா நிறுவனம் 1965இலேயே இந்நாட்டுக்கு வந்துவிட்டது. 1978இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகரானது. தோட்டங்கள் துண்டுபோடப்பட்டபோது லயத்துப் பெண்பிள்ளைகள் பலர் பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். என் சித்தி அவர்களில் ஒருவர். ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் மின்கருவிகளுக்குக் கம்பி பற்றவைக்கும் வேலையிலேயே இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார். போன் ஓடோரி நடப்பதும் பானசோனிக் பெயரோடு அழைக்கப்படும் விளையாட்டு வளாகத்தில்தான். அந்த மண்ணில் நமக்கும் ஜப்பானியருக்கும் உள்ள கணக்கு திருவிழாவுக்கு முந்தியது. பிள்ளைகள் அதை அறிந்துகொண்டு உள்ளே போகவேண்டும் என்று நினைத்தேன். காரிலேயே சொன்னேன்.

காரை நிறுத்தியதும் மகள் தம்பிக்கு யுகாத்தா கட்டிவிட்டாள். "எடது பக்கம்தான் மேல வரணும். வலது பக்கம் மேல வந்தா அது செத்தவங்களுக்குக் கட்டுறது" என்று அவனுக்குப் பாடம் நடத்தினாள். அம்மா அதைக் கூர்ந்து கேட்டார். "நம்மள்லயும் அப்படித்தானே. சாவு வீட்டுல எல்லாத்தையும் மாத்திப் போடுவாங்க. எடமாத்தான் சுத்துவாங்க" என்றார். பேத்திக்கு அது தெரியாது. இருவரும் அதைப் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் பின்னால் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்துகொண்டு போனேன்.

வாசலுக்கு வெகுதூரம் முன்பே கூட்டம் அடைத்துக்கொண்டது. உள்ளே திடலைச் சுற்றிக் கடைகள். இரும்புத் தட்டின் குழிகளில் மாவை ஊற்றி ஆக்டோபஸ் துண்டைப் போட்டு ஊசியால் புரட்டிப் புரட்டி உருண்டையாக்குகிறார்கள், தாக்கோயாக்கி. நம் குழிப்பணியாரச் சட்டியைத்தான் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கணவர் சொல்ல, அம்மா உடனே எட்டிப் பார்த்தார். ஒரு கடையில் துருவிய ஐஸ். இன்னொன்றில் யாக்கிசோபா என்ற வறுத்த நூடுல்ஸ். வரிசைகள் பாம்பாக வளைந்து ஒன்றோடொன்று கலந்தன. ஹலால் பலகை இருக்கும் கடைகளில் கூட்டம் இரட்டிப்பு.

மகன் ராமுனே வாங்கிக்கொண்டு வந்தான். கழுத்தில் கண்ணாடிக் குண்டு அடைத்த சோடா. அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது கோலி சோடா இல்ல? எங்க தோட்டத்துக் கடையில இதான் வச்சிருப்பான்." உண்மையிலேயே இரண்டும் ஒரே குடும்பம்தான். 1870களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த புட்டி அது. கப்பலேறி இந்தியாவுக்கும் போனது, மலாயாவுக்கும் வந்தது, ஜப்பானுக்கும் போனது. மற்ற நாடுகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. தமிழ்நாட்டிலும் ஜப்பானிலும் இன்னும் குண்டைத் தட்டி உள்ளே தள்ளிக் குடிக்கிறார்கள். குண்டைத் தட்டும் சூட்சுமம் அம்மாவின் உள்ளங்கைக்கு மறக்கவில்லை. ஒரே தட்டு. பேரன் வாய்பிளந்து நின்றான்.

திடலின் நடுவே யாகுரா. சிவப்பு வெள்ளைத் துணி சுற்றிய மர மேடை, அதிலிருந்து நாலா பக்கமும் இழுத்துக் கட்டிய காகித விளக்குகள். மேடை உச்சியில் தைக்கோ முரசு. அதைச் சுற்றித்தான் வட்டம் வட்டமாக ஆடுவார்கள். நாங்கள் புல்தரையில் பாய் விரித்து அம்மாவை உட்காரவைத்தோம். பொழுது சாயச் சாயக் காலியிடம் தெரியாமல் போயிற்று.

2022இல் இந்த விழாவைச் சுற்றி ஒரு பெரிய சர்ச்சை எழுந்தது. நோய்த்தொற்றால் நின்றுபோயிருந்த விழா மறுபடியும் நடக்கவிருந்த ஆண்டு அது. இதில் வேற்று மதக் கூறுகள் இருப்பதால் முஸ்லிம்கள் போக வேண்டாம் என்று அப்போதைய சமய விவகார அமைச்சர் அறிவுறுத்தினார். சிலாங்கூர் சுல்தான் விழா நடக்கட்டும் என்றார். பண்பாட்டுக்கும் மதத்துக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று, மாநில சமயத் துறை அதிகாரிகளையே அங்கே அனுப்பச் சொன்னார். அந்த ஆண்டு 50 ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். மலாய்க் குடும்பங்களும் திரளாக வந்தன. இந்த நாட்டில் வாழ்கிறவள் என்ற முறையில் அந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனாலும் திடலில் ஒன்றை உணர முடிகிறது. பலிபீடம் இல்லை, ஊதுவத்தி இல்லை, மந்திரம் இல்லை. பாட்டு, முரசு, நடனம், சாப்பாடு, அவ்வளவுதான். சுற்றிலும் ஆடிய இளையோரில் பலருக்கு இது இறந்தவர்களின் திருவிழா என்பதே தெரியாது. ஜப்பானிலும் பெரும்பாலான ஊர்களில் போன் நடனம் இன்று கோடைகாலக் கொண்டாட்டமாகத்தான் இருக்கிறது, கார்ட்டூன் பூனை தோரேமோனுக்கும் ஒரு போன் பாட்டு உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று அறிந்து ஆடினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது.

அடியில் இருப்பது ஒரு மகனின் கதை. புத்தரின் சீடர் மொக்கல்லானர், ஞானக்கண்ணால் இறந்துபோன தாயைத் தேடுகிறார். தாய் பசித்த பேய்களின் உலகில் கிடக்கிறாள். அவர் கொண்டுபோன சோறு அவள் வாயருகே போனதும் நெருப்பாகிறது. மழைக்காலத் தவம் முடித்து வரும் துறவியருக்கு அன்னமிடு என்கிறார் புத்தர். அப்படியே செய்கிறார், தாய் விடுபடுகிறாள். மகன் மகிழ்ச்சியில் ஆடிய ஆட்டம்தான் இந்த நடனத்தின் தொடக்கம் என்பார்கள். ஜப்பானில் தோக்கியோ பக்கம் ஜூலை நடுவிலும் மற்றப் பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டு 13 முதல் 16 வரையிலும் போன் வரும். முன்னோர் வழி தெரிந்து வர முதல்நாள் வாசலில் நெருப்பு மூட்டுவார்கள். வழியனுப்பக் கடைசி நாளில் ஒரு நெருப்பு. வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிக் கால் வைத்துக் குதிரையாக்குவார்கள், கத்தரிக்காயை மாடாக்குவார்கள். வரும்போது குதிரையில் விரைந்து வர வேண்டும். போகும்போது மாட்டின் மேல் மெல்லப் போக வேண்டும்.

இதை மகள் சொல்லச் சொல்ல அம்மா விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இது நம்ம ஆடி மாசம்" என்றார். ஆமாம், ஆடிதான். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற அதே நாட்கள்.

ஆடி அமாவாசை எங்கள் வீட்டில் வெறும் வழக்கமில்லை. தாத்தா இறந்த நாள் யாருக்கும் தெரியாது. திதி தெரியாதவருக்கு அமாவாசைதான் கதி. என் பாட்டி உயிரோடு இருந்தவரை அதற்கும் உடன்படவில்லை. கடிதம் வரவில்லை, கூடப் போனவர்கள் செத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லவில்லை. அதனால் தாலியைக் கழற்றாமலே வாழ்ந்து தாலியோடேயே போனார். தோட்டங்களில் அப்படி வாழ்ந்த பெண்கள் அநேகம். அதற்குப் பிறகுதான் அம்மா தகப்பனுக்கு எள்ளிறைக்கத் தொடங்கினார்.

இருட்டியதும் முரசு அதிர்ந்தது. முதல் வட்டம் யாகுராவை ஒட்டி, அதற்கு வெளியே இன்னொன்று, அதற்கும் வெளியே இன்னொன்று. மேடையில் நின்று ஆடிக் காட்டுகிறவர்களைப் பார்த்துக் கூட்டம் ஆடுகிறது. அசைவுகள் எளியவை, மூன்றாம் சுற்றில் யாருக்கும் பிடிபட்டுவிடும். மகள் தம்பியை இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போய்விட்டாள்.

அடுத்த பாட்டு "தாங்கோ புஷி". கியூஷூ தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாட்டு. போன் நடனங்களில் இதற்குத்தான் உலகெங்கும் பேர். வலப்பக்கம் குனிந்து இருமுறை மண்வெட்டுகிறார்கள், இடப்பக்கம் இருமுறை. அள்ளியதைத் தோளுக்குப் பின்னால் வீசுகிறார்கள். பின்வாங்கி, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்க்கிறார்கள். பிறகு இரண்டு கையாலும் வண்டியை முன்னே தள்ளுகிறார்கள். கைதட்டி மறுபடியும் வெட்டத் தொடங்குகிறார்கள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது வேல செய்யிற ஆட்டமில்ல? மண்ணு வெட்டுறாங்க பாரு. அள்ளிக் கொட்டுறாங்க. தள்ளுறாங்க." சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சயாம்லேருந்து திரும்பி வந்த மாமா ஒருத்தர் இப்படித்தான் கையால செஞ்சு காட்டுவாரு. கூடையில மண்ணு, கூடையில கல்லுன்னு. வாயால சொல்ல மாட்டாரு. கையாலதான்."

அம்மா சொன்னதற்குள் எவ்வளவு வரலாறு இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. இந்தப் பாட்டோடு சேர்த்துப் பேசப்படும் மீகே சுரங்கத்தில் மெய்ஜி காலத்தில் கைதிகளை இறக்கினார்கள். போர்க்காலத்தில் கொரியரையும் சீனரையும் கட்டாயமாக இறக்கினார்கள். சயாம் ரயில் பாதையில் செத்துப் பிழைத்த ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளில் ஒரு பகுதியினரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் அதே மீகே சுரங்கத்தில் நிலக்கரி வெட்ட வைத்தார்கள். 1997இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் இப்போது உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. அங்கே வெட்டியவர்களின் கையசைவை ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஒரே தாளத்தில் செய்துகொண்டிருந்தார்கள். உழைத்துச் செத்தவர்களுக்கு இதைவிட நல்ல மரியாதை இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றியது. கல்லில் வெட்டிய பெயரை மழை கரைக்கும். வேலையின் அசைவை ஒரு குழந்தை கற்றுக்கொண்டால் அது அடுத்த குழந்தைக்குப் போகும். நம் சயாம் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு கும்மியோ கோலாட்டமோ நாம் கட்டவில்லையே என்ற ஏக்கம் என்னை அந்தப் பாட்டு முடியும்வரை விடவில்லை. நாவல்கள் இருக்கின்றன: ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்". படித்தவர்களின் அலமாரியில் அவை இருக்கின்றன. திடலில் ஆடுகிற பிள்ளையின் உடம்பில் ஒன்றும் இல்லை.

எங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானிய அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். வெகுகாலமாக இங்கேயே வாழ்கிறவர் போலும், மலாய் நன்றாகப் பேசினார். அம்மாவுக்கு வியர்ப்பதைப் பார்த்துத் தன் விசிறியைக் கொடுத்தார். அப்படித் தொடங்கியது பேச்சு. எந்த ஊர், எத்தனை பிள்ளை, மூட்டுவலிக்கு என்ன தைலம். மகள் சொன்ன வெள்ளரிக் குதிரையைப் பற்றி அம்மா கேட்டார். வீட்டில் கணவரின் படத்துக்கு முன்னால் வைப்பேன் என்றார் அந்த அம்மா. இங்கே சந்தையில் கிடைக்கும் நீளக் கத்தரிக்காயில் செய்யும் மாடு சரியாக நிற்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். "இந்தியர் கடையில குண்டுக் கத்தரிக்காய் கேளுங்க, எங்க சாம்பாருக்குப் போடுறது. அது நிக்கும்" என்று அம்மா சொல்லிக்கொடுத்தார். தைப்பிங்கிலும் கிள்ளானிலும் எந்தக் கடையில் நல்ல காய் வரும் என்பது வரை போனது.

பிறகு அம்மா, குரலை உயர்த்தாமல், மறைக்காமல் சொன்னார்: "என் அப்பா சயாம் ரயில் வேலைக்குப் போய் வரலை. உங்க ஆளுங்கதான் கொண்டு போனாங்க."

அந்த அம்மா தலையைத் தாழ்த்தினார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கேட்டது ஒன்றுதான்: "அவருக்குக் கல்லறை இருக்கிறதா?"

இல்லை என்றார் அம்மா.

அந்த ரயில் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் மயானம் உண்டு. ஏறத்தாழ 7 ஆயிரம் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும், வெட்டிச் சீராக்கிய புல்லும். அந்தப் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேல், இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர், அவர்களில் 90 ஆயிரம் பேர் வரை மடிந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல், பெரும்பாலோர் தமிழர். கைதிகளுக்காவது சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், குறிப்பெழுத அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு யாருமில்லை. 1943 மழையில் காலரா வந்தபோது முகாம் முகாமாகப் போனார்கள். எழுதிவைக்க ஆளில்லாததால் இன்றுவரை மதிப்பீடுதான் இருக்கிறது, பட்டியல் இல்லை. 1957இல் வந்த "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" படத்தை இலங்கையின் கித்துல்கலையில் எடுத்தார்கள். உலகத்துக்கு அந்தப் பாதையின் பாலத்தைத் தெரியவைத்த படம் அது. அதிலும் அந்தக் கதையின் நாயகர்கள் வெள்ளைக்காரர்களே.

காஞ்சனாபுரியிலேயே இன்னொரு தூண் நிற்கிறது. போர் முடிவதற்கு முன்பே, 1944இல், ஜப்பானிய ராணுவம் எழுப்பியது. பாதை போடும்போது இறந்தவர்களுக்காக என்று பல மொழிகளில் பொறித்திருக்கிறார்கள், தமிழிலும் இருக்கிறது. கொண்டுபோனவர்களே கல்லும் நட்டார்கள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். அதை மன்னிப்பாக என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்தத் தமிழ் எழுத்து அங்கே இருப்பது நல்லது. நாம் அங்கே இருந்தோம் என்பதற்கு அவர்கள் கையாலேயே எழுதிய சாட்சி அது. அண்மைக் காலத்தில் மலேசியத் தமிழர்கள் அதே ஊரில் ஒரு புத்த கோயில் வளாகத்தில் நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள்.

இந்தத் திருவிழாவுக்குப் போவது தாத்தாக்களுக்குச் செய்யும் துரோகம் என்று என்னிடம் சொன்ன உறவினர்கள் உண்டு. அவர்கள் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் இறந்தவர்களை அழைத்து, உபசரித்து, ஆடி அனுப்பிவைக்கிற ஒரு விழாவில் நம் இறந்தவர்களுக்கும் இடம் கேட்பது துரோகமாகாது. கேட்காமல் வெறும் தாக்கோயாக்கி தின்றுவிட்டு வருவதுதான் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அம்மா கேட்டார். நேருக்கு நேர், சுற்றி வளைக்காமல், பக்கத்துப் பாய்க்காரியிடம் கேட்டார்.

கடைசிச் சுற்றுக்கு மறுபடியும் சுரங்கப் பாட்டு போட்டார்கள். மகள் ஓடிவந்து பாட்டியை எழுப்பினாள். அம்மாவால் வட்டத்தோடு நடக்க முடியாது, முட்டி விடாது. பாய் ஓரத்திலேயே நின்று வெட்டினார், அள்ளினார், தள்ளினார். அவர் வெட்டியது மகள் வெட்டியதைப் போல் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த கை அது. மண்வெட்டியின் கனம் தெரிந்த கை. நானும் சேர்ந்துகொண்டேன். ஜப்பானிய அம்மா எங்களுக்குப் பக்கத்தில் நின்று ஆடினார். முடிவில் வாணவேடிக்கை. மகன் கணவரின் தோளில் இருந்து கத்தினான்.

வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. போகிறவர்களுக்கு ஒரு சொல்: வயதானவர்கள் வருவதானால் பிற்பகலிலேயே போய்ப் புல்தரையில் இடம் பிடித்துவிடுங்கள். சாப்பாட்டையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு எந்த வரிசையும் நகராது. மழையங்கி கட்டாயம்.

திரும்பும் வழியில் மகன் தூங்கிவிட்டான். மகள் கைப்பேசியில் தேடிக்கொண்டே வந்தாள். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனாபுரி வழியாக நாம் தோக் வரை இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது. பழைய பாதையில் மிஞ்சிய பகுதி அதில்தான் இருக்கிறது. பாறையை ஒட்டி மரத்தூண்கள் மேல் ஆற்றோரமாகப் போகும் இடத்தின் படத்தைப் பாட்டியிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பள்ளி லீவுல போலாமா பாட்டி?"

"ஆத்துல எறங்கப் படி இருக்கா பாரு."

"இருக்கும்போல. படகெல்லாம் நிக்குது."

"அப்ப போலாம்" என்றார் அம்மா. முன்னால் சாய்ந்து என் தோளைத் தட்டினார். "எள்ளும் தர்ப்பையும் இங்கேருந்தே எடுத்துக்கணும். அங்க கெடைக்குமோ கெடைக்காதோ. ஐயர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சிரு."